உடைந்துபோனதாகச் சொன்ன கித்தார்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பெட்டாலிங் ஜெயாவில் என் அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் கடையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய கித்தார்களைப் பற்றிப் பேசும் ஒரு இணையக் குழுவில் புதிதாக ஒரு படம் வந்திருந்தது. நடுவில் இருக்கும் ஓட்டை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்தில் இருந்தது. ஓரங்களில் அடர் சிவப்பு, உள்ளே போகப்போகத் தேன் நிறம். தலைப்பகுதியில் கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஆணித் துளைகள் மட்டும். கீழே, "இது என்ன மாடல்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லவும்" என்று எழுதியிருந்தது.

அது என் அண்ணனின் கித்தார். படம் போட்டிருந்தவர் மாஸ்டர்.

மாஸ்டர் என்றுதான் கிள்ளானில் எல்லாரும் அவரைக் கூப்பிடுவார்கள். கல்யாணங்களுக்கு வாசிக்கும் இசைக்குழு ஒன்று வைத்திருக்கிறார். அண்ணன் அதில் கித்தார் வாசித்தான். ஃபெடரல் ஹைவேயில் மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி அவன் செத்தபோது நான் பள்ளியை முடித்திருக்கவில்லை. காரியம் முடிந்த வாரம் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். அவன் நினைவாக ஒரு கச்சேரி வைக்கப்போவதாகவும், அதில் அவனுடைய கித்தாரையே வாசிக்க ஆசை என்றும் அம்மாவிடம் கேட்டார். அம்மா அழுதுகொண்டே எடுத்துக் கொடுத்தார். கச்சேரி நடந்தது. கித்தார் வரவில்லை. சில மாதம் பொறுத்து நானே அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். லோரியில் ஏற்றும்போது விழுந்து கழுத்து முறிந்துவிட்டதாகவும், பார்த்தால் அம்மா தாங்கமாட்டார் என்று தூக்கிப் போட்டுவிட்டதாகவும் சொன்னார். அதை அம்மாவிடம் போய்ச் சொன்னது நான். அன்றைக்கு அம்மா அழுததைப்போல அண்ணன் செத்த அன்றுகூட அழவில்லை.

அண்ணன் செத்ததற்கு யார்மேல் கோபப்படுவது என்று எனக்கு இத்தனை வருடமாகத் தெரியவில்லை. மழைமேல் கோபப்பட முடியாது. அந்தச் சாப்பாட்டுக் கடையில் என் கோபத்துக்கு ஒரு முகம் கிடைத்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, சந்தோஷம்.

உடனே போன் செய்து திட்டியிருக்கலாம். "எவனோ வச்சிருந்த வேற கித்தார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதே மாதிரி இன்னொன்று உலகத்தில் இல்லை என்று நான் எப்படி நிரூபிப்பது? என்ன மாடல் என்று எனக்கே தெரியாது. அண்ணன் அதைக் கிள்ளானில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியபோதே பெயர்த்தகடு கிடையாது. ஆக, முதலில் அது என்ன கித்தார் என்று நான் தெரிந்துகொள்ள வேண்டும். அவருக்குத் தெரிவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும்.

குழுவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் ஜெர்மன் என்றார், இன்னொருவர் செக் நாட்டுச் சரக்கு என்றார். ஒரே ஒருவர் மட்டும் எதையும் அடித்துச் சொல்லாமல், இன்னும் சில படங்கள் வேண்டும் என்று எழுதியிருந்தார். அவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன். ஓய்வுபெற்ற பல் டாக்டர், சீனர், பெட்டாலிங் ஜெயாவிலேயே வரிசை வீடு. சனிக்கிழமை வரச் சொன்னார்.

அவர் வீட்டு ஹாலில் சோபாவைவிடக் கித்தார்கள்தான் அதிகம். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினார். என் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கம்பிகள் தொடங்கும் இடத்தைக் காட்டினார். வழக்கமாக அங்கே எலும்புத் துண்டு ஒன்று மட்டும் இருக்கும். இதில் அதை ஒட்டி ஒரு உலோகக் கட்டையும் இருந்தது. கம்பிகளைத் தாங்கும் பாலத்தில் இரண்டு பக்கமும் திருகாணிகள். ஐரோப்பாக்காரன் வடிவத்தைப் பார்த்து ஜப்பானில் ஒரு சின்னப் பட்டறை செய்தது என்றார். கொஞ்ச காலம்தான் செய்தார்களாம். இங்கே இறக்குமதி செய்தவர் தன்னுடைய பெயர்த்தகட்டை ஆணியடித்து விற்றிருக்கிறார். தகடு விழுந்துவிட்டால் அப்புறம் யாராலும் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. வட்ட ஓட்டை வைத்தது அவரிடமே ஒன்று இருந்தது. முட்டை வடிவ ஓட்டை வைத்ததை அவரும் நேரில் பார்த்ததில்லை.

தன்னுடையதை எடுத்துத் திருப்பிக் காட்டினார். கழுத்து உடம்போடு சேரும் இடத்தில், பின்பக்கம், சின்னதாக ஒரு கறுப்பு மூடி. அதைக் கழற்றினால் உள்ளே ஒரு திருகாணி. சாவி போட்டுத் திருகினால் கழுத்து ஏறும், இறங்கும். இந்த மாடலின் அடையாளமே அதுதான் என்றார்.

"இந்த மூடி எல்லாருக்கும் தொலைஞ்சுபோகும். உங்க அண்ணனோடதுல இருந்துச்சா?" என்று கேட்டார்.

இல்லை. அந்த இடத்தில் ஒரு பொத்தான் இருந்தது. என்னுடைய பள்ளிச் சீருடைப் பொத்தான், வெளிர் நீலம். அண்ணன் என்னைக் கேட்காமல் வெட்டி எடுத்துப் பசை போட்டு ஒட்டிவிட்டான். மறுநாள் ஆசிரியரிடம் நான் திட்டு வாங்கினேன். அந்தக் கறுப்பு மூடியைப் பார்க்கும்வரை எனக்கு அது ஞாபகமே இல்லை.

டாக்டரிடம் முழுக் கதையையும் சொன்னேன். நான் கேட்டால் அந்த ஆளுக்குச் சந்தேகம் வரும், தானே கேட்பதாக அவர் சொன்னார். என் கண்ணெதிரிலேயே குழுவில் எழுதினார்: கழுத்தின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் எடுத்துப் போட்டால் மாடலைச் சொல்லிவிடலாம்.

வீட்டுக்குப் போவதற்குள் மாஸ்டர் படம் போட்டுவிட்டார். பொத்தான் அங்கேயே இருந்தது, பசை மஞ்சளாகி. கூடவே ஒரு கதையும் எழுதியிருந்தார். சென்னையில் ஒரு பழைய ஒலிப்பதிவுக் கூடத்தில் தன் வாசிப்பைக் கேட்டு மெச்சி, ஒரு பெரிய கலைஞர் தன் கையாலேயே கொடுத்த பரிசாம் அது. இதயப் படம், கைகூப்பும் படம் எல்லாம் கீழே குவிந்துகொண்டிருந்தன. கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து வாத்தியக்காரர்கள் எல்லாரும் வந்து மாஸ்டரைப் புகழ்ந்தார்கள். நான் எதுவும் எழுதவில்லை. இன்னும் வரட்டும் என்று விட்டேன். ஏறட்டும், நன்றாக ஏறட்டும் என்று தினமும் எடுத்துப் பார்த்தேன்.

அம்மாவிடம் காட்டியபோது அவர் வெகுநேரம் படத்தையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு, தனியாகக் கூப்பிட்டுக் கேட்டு வாங்கிவிடு, ஊரைக் கூட்டாதே என்றார். "அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. செத்தவன் சாமானுக்காக உயிரோட இருக்கறவன் மானத்த வாங்காத."

அம்மா பேச்சை நான் தட்டுவது அபூர்வம். இதில் தட்டினேன்.

எங்களிடம் அண்ணனின் படம் ஒன்று இருக்கிறது. மத்தியானத்தில் கித்தாரைக் கட்டிப்பிடித்தபடி தரையில் தூங்குகிறான். கித்தாரின் முதுகு மேலே தெரிகிறது. இத்தனை வருடமும் அவன் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறோம். இப்போது பார்த்தால் கழுத்தடியில் நீலமாக ஒரு புள்ளி. அந்தப் படத்தையும் மாஸ்டர் போட்ட படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குழுவில் போட்டேன். மாடலைப் பற்றி டாக்டர் சொன்னதை அப்படியே எழுதினேன். பிறகு, இது என் அண்ணனுடையது, அவன் நினைவுக் கச்சேரிக்கு என்று என் அம்மாவிடம் வாங்கிப்போய், உடைந்துவிட்டதாகச் சொன்னது, அந்தப் பொத்தான் என் சீருடையில் இருந்தது என்று எழுதினேன். ஒரு கெட்ட வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. அது தேவைப்படவில்லை.

மாஸ்டர் தன் பதிவை அழிப்பதற்குள் நான் போட்டது எல்லாருடைய போனுக்கும் போய்விட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நீ என்கிட்ட நேரா கேட்டிருக்கலாம்லா."

"கேட்டேன் மாஸ்டர். உடைஞ்சுபோச்சுன்னு சொன்னீங்க."

நான் போனை வைக்கவில்லை; அவர் வைக்கும்வரை காத்திருந்தேன்.

மறுநாள் கித்தாரைக் கொண்டுவந்தது அவருடைய மனைவி. உறையில் போட்டு, குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. சென்னைக் கதையைத்தான் கணவர் தனக்கும் சொல்லியிருந்தார் என்றும், அவர் அதை வாசித்ததே இல்லை, கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார் என்றும் சொன்னார். அவர் கண்கள் வீங்கியிருந்தன. அந்த அம்மாவைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது. அவர் புருஷன்மேல் இரக்கம் வரவில்லை. எவ்வளவு தேடியும் வரவில்லை.

கித்தாரைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினேன். முட்டை வடிவ ஓட்டைக்குள், பல் பார்க்கும் தன்னுடைய சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, தான் சொன்ன அதே பட்டறைதான் என்றார். கழுத்தைச் சரிசெய்து, புதுக் கம்பி போட்டுக் கொடுத்தார். அம்மா அதைத் தன் அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நான் செய்தது சரியா தப்பா என்று அவர் இதுவரை சொல்லவில்லை.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண விருந்து, மத்தியானம். மேடையில் மாஸ்டரின் குழுதான். முன்பைவிட ஆட்கள் குறைவு; பழைய பாடகர்கள் இரண்டு பேரையும் காணவில்லை. அம்மா பின்வரிசைப் பக்கம் போனார். நான் அவர் கையைப் பிடித்து முன்வரிசைக்கு, மேடைக்கு நேர் எதிரே கூட்டிப்போய் உட்காரவைத்தேன். அடுத்த பாட்டைச் சொல்ல மைக்கை எடுத்த மாஸ்டர் என்னைப் பார்த்தார், பாட்டின் பெயரை மறந்து கீழே குனிந்தார். பிறகு விருந்து முடியும்வரை எங்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நான் அவரைத் தவிர வேறு எங்கும் பார்க்கவில்லை.

அம்மா என் காதருகே வந்து, "போதும், வா, வீட்டுக்குப் போலாம்" என்றார்.

"சாப்பிட்டுப் போலாம்மா" என்றேன். எழுந்துபோய்ப் பாயசம் வாங்கி வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, மெதுவாகக் குடித்தேன்.