உள்ளே ராட்டினம் சுற்றியது யார்?

இந்தியாவில் முஸ்லிம்கள் எத்தனை பேர் என்பதை எப்படித்தான் கணக்கிடுகிறார்கள் என்று சென்ற வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார். எனக்குத் தெரிந்த பதில் ஒரே ஒரு பயணம்தான். 1972 ஏப்ரல். எனக்கு இருபத்து நான்கு வயது. சென்னையில் ஒரு பேராசிரியரிடம் ஆய்வு உதவியாளராக இருந்தேன். அந்தத் தொகையைப் பற்றி அவர் ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். முந்தின ஆண்டு எடுத்த சென்சஸில் அவருக்கு நம்பிக்கையில்லை.

"வீட்டில் இருப்பவர்களை மறைக்கிறார்கள். ஒரு தெருவில் எத்தனை பேரை மறைக்கிறார்கள் என்று பார்த்து வா. அந்த விகிதத்தை வைத்து நாடு முழுவதற்கும் போட்டுவிடலாம்" என்றார். காஞ்சிபுரத்தில் முஸ்லிம்கள் வாழும் ஒரு தெருவின் பெயரையும் எழுதிக் கொடுத்தார். நானும் நம்பித்தான் கிளம்பினேன்.

காலை 6.15க்குப் பஸ். எழுபத்தைந்து கிலோமீட்டர், கட்டணம் இரண்டே கால் ரூபாய். காஞ்சிபுரத்தில் இறங்கும்போது 8.40. அங்கிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு ஜட்கா, ஐம்பது பைசா. தெருப் பெயரைச் சொன்னதும் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அங்கயா? கரெக்டா சொல்ல மாட்டாங்கம்மா. ரேஷன் கார்டுல ஒண்ணு, உன்கிட்ட ஒண்ணு."

இதைக் கேட்டபிறகு ஒவ்வொரு வாசலிலும் செருப்புகளைத்தான் முதலில் எண்ணினேன். தட்டுகளை, காயும் துணிகளை எண்ணினேன். (இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.) எட்டு வீடுகளில் சொன்னதும் கண்டதும் சரியாகவே இருந்தன. அது எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஒன்பதாவது வீட்டில் சுபேதா பாயம்மா கதவைப் பாதிதான் திறந்தார்.

"போன வருசம்தான் எழுதிக்கினு போனாங்க. மறுபடி எதுக்கு? அடுத்த தெருவுலயும் எண்ணினியா, எங்க தெருவ மட்டும்தானா?"

அந்தத் தெருவை மட்டும்தான். அதைச் சொல்லாமல், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். ஐந்து பேர் என்றார்: அவர், ஜரிகைக் கடைக்குப் போயிருந்த கணவர், தறிக்குப் போயிருந்த இரண்டு மகன்கள், கூடத்தில் படுத்திருந்த மாமியார். எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளறையில் பட்டு நூல் சுற்றும் ராட்டினம் ஓடும் சத்தம் கேட்டது.

"உள்ளே யாரு, பாயம்மா?"

சத்தம் சட்டென்று நின்றது.

"யாரும் இல்ல. காத்துல சுத்தியிருக்கும்."

அகப்பட்டார்கள் என்று மனசுக்குள் துள்ளினேன். ஐந்தின்மேல் பென்சிலால் ஆறு என்று எழுதினேன். அதை அவர் பார்த்துவிட்டார். முகம் வெளுத்தது. அப்போது உள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். விரலில் சிவப்பு இழை சுற்றியிருந்தது.

"நான்தாங்க்கா. ரஹீமா. ஆற்காட்டுல கட்டிக் குடுத்தாங்க. ஒரே வருசத்துல தொரத்திட்டாங்க. அங்க என்னை எழுதல. இங்க அம்மா சொல்லல."

"தெருவுக்கே தெரியும்மா" என்றார் பாயம்மா. "சர்க்கார் காகிதத்துல ஏற வேணாம்னு நெனச்சேன்."

"எழுதிக்குங்க" என்றாள் ரஹீமா. "ரெண்டு எடத்துலயும் நான் இல்லாமப் போனா எப்டி?"

ஆறு என்று மையால் எழுதினேன். பக்கத்தில் காரணத்தையும் எழுதினேன். பன்னிரண்டாவது வீட்டில் நேர்மாறு: வாணியம்பாடியில் தோல் வேலை செய்யும் மகனையும் சேர்த்துச் சொன்னார்கள். அங்கேயும் அவனை எழுதியிருப்பார்கள். ஆக, பதினான்கு வீடுகளில் ஒன்று குறைவு, ஒன்று கூடுதல்.

மறுநாள் பேராசிரியர் தாளைப் பார்த்து மகிழ்ந்துபோனார். "கூடுதலை விடு. ஒளித்தது ஒன்று, அதுதான் வேண்டும்."

"ஐயா, அது ஒளித்ததில்லை. காரணம் எழுதியிருக்கிறேன்."

"காரணத்தை எப்படிப் பெருக்குவது?"

தாளை அவர் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டேன். தெரிந்து செய்தேன் என்று சொல்ல மாட்டேன், கைதான் முந்திக்கொண்டது. அந்த மாதத்தோடு வேலை போயிற்று. கட்டுரை வேறொருவர் கொண்டுவந்த தாள்களோடு வெளிவந்தது.

காஞ்சிபுரம் போகிறவர்கள் காலைப் பஸ்ஸையே பிடியுங்கள். வெயில் ஏறினால் தெருக்களில் நடக்க முடியாது. யார் வீட்டு வாசலிலாவது நின்று கேள்வி கேட்க நேர்ந்தால், கேட்பது எதற்கு என்பதை முதலில் சொல்லுங்கள். அன்று நான் அதைச் சொல்லாமல்தான் கேட்டேன். வாசகிக்கு என் பதில் இதுதான்: ஒரு மதத்தாரின் தொகை என்று யார் எதைச் சொன்னாலும், அது எண்ணியதா, பெருக்கியதா என்று கேளுங்கள். பெருக்கியது என்றால், எந்த வீட்டு வாசலில் நின்று என்றும் கேளுங்கள்.