மலைக்குப் பூசிய பச்சை

சிலமலை விஜயபாண்டிக்கு ஏலக்காய்ப் பச்சையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க முடியாது. போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் இருபத்தேழு வருசமாகக் காய்க்குத் தரம் பார்க்கிறவர். ஒரு கை அள்ளி ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தால் போதும், எது பதமாகக் காய்ந்தது, எது சூட்டில் வெளுத்தது என்று சொல்லிவிடுவார். அந்தக் கர்வம் மனிதருக்கு உண்டு. கொஞ்சநஞ்சமல்ல, மூட்டைக் கணக்கில் உண்டு.

ஐம்பதைத் தாண்டியபின் படம் வரையும் ஆசை வந்தது. போனில் வீடியோ பார்த்து வாட்டர்கலர் டியூப்புகள், மூன்று பிரஷ், கெட்டித் தாள் எல்லாம் வாங்கினார். ஞாயிறானால் குரங்கணிக்குப் போய் மலையைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். சட்டைப் பையில் நாலு முதல் தரக் காய் இருக்கும். பச்சையைக் குழைத்ததும் தட்டின் ஓரத்தில் ஒரு காயை வைத்துப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் பிரஷ் தாளைத் தொடும். மலையைக் காய் வைத்துத் தரம் பார்த்தவர் உலகத்தில் இவர் ஒருத்தராகத்தான் இருக்கும்.

கூடப் போகும் மனைவி சோலையம்மாள், சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று அவர் கழித்துப்போட்ட பிரஷை எடுத்தார். அந்தம்மாவுக்கு வீடியோவும் கிடையாது, காயும் கிடையாது. கண்ணுக்குத் தெரிந்ததை வரைந்தார்.

போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில் சோலையம்மாள் ஒரு படம் போட்டார். தாளை நனைத்து, தூரத்து மலைக்கு நீலத்தைத் தண்ணீராகக் கரைத்து ஓடவிட்டார். மேகம் வேண்டிய இடத்தில் தாளின் வெள்ளையை அப்படியே விட்டார். முன்னால் இரண்டு மரங்களை மட்டும் அழுத்தமாக நிறுத்தினார். போடி நூலகத்தில் வாசகர்கள் நடத்தும் கண்காட்சிக்கு இரண்டு பேர் படத்தையும் அனுப்புவதாக ஏற்பாடு.

கொடுக்க வேண்டிய நாள் காலையில் விஜயபாண்டி அந்தப் படத்தைப் பார்த்தார். மலை நீலமாகவா இருக்கும்? அந்தச் சரிவு பூராவும் ஏலத்தோட்டம் ஆச்சே! வெளுத்த காயை முதல் தர மூட்டையில் போட்டதுபோல் அவருக்கு மனசு கேட்கவில்லை. பச்சையைக் கெட்டியாகக் குழைத்து மலை முழுவதும் அப்பிவிட்டார். தாளில் ஊறிய நிறத்தைக் கழுவியும் எடுக்க முடியாது, சுரண்டியும் எடுக்க முடியாது. அது தெரிந்தேதான் செய்தார்.

ஈரக்கையோடு வந்த சோலையம்மாள் திகைத்துப்போனார். "ஏங்க, என்னங்க இது?"

"நாலு பேரு பாக்குற எடம் சோலை. சிரிப்பானுக. அதான் திருத்திட்டேன்."

"செரிங்க" என்றார் சோலையம்மாள். பிறகு படத்தின் கீழே ஒட்டும் சீட்டில் தன் கையாலேயே எழுதினார்: வரைந்தவர் சோலையம்மாள், உதவி விஜயபாண்டி. அதைப் பார்த்து மனிதர் பூரித்துப் போனார்.

கண்காட்சியில் இரண்டு படங்களையும் அருகருகே மாட்டியிருந்தார்கள். இரண்டிலும் மலை பச்சைச் சுவராக நின்றது. பக்கத்து ஜன்னல் வழியே அதே மலை தெரிந்தது. நீலமாக இருந்தது. விஜயபாண்டி ஜன்னலையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஓவிய வாத்தியார் முத்துக்கிருஷ்ணன் இவர் படத்தைக் கண்டுகொள்ளாமல் சோலையம்மாள் படத்தின் முன் நின்றார். இரண்டு மரங்களுக்கு நடுவே, பச்சை எட்டாத விரலகல இடத்தில் பழைய நீலம் மிச்சமிருந்தது.

"இந்த நீலம் யாரு போட்டதும்மா?"

"நான்தாங்க."

"தூரம் போகப்போக நெறம் வெளுத்து நீலமாகணும். இந்தத் துண்டுல மலை அஞ்சு மைலு தள்ளி நிக்கிது. மத்த எடத்துல ஏம்மா இப்படி அப்பிக் கெடுத்தீங்க?"

விஜயபாண்டி வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். சோலையம்மாள்தான் சொன்னார்: "கை தவறிருச்சு சார். எனக்கு அவ்வளவா வராது."

தலைகுனிந்து நின்றார் விஜயபாண்டி. அவமானம் காது வரைக்கும் சுட்டது.

திரும்பும்போது பஸ்சில், "மலை நீலமாத்தான் இருக்கு சோலை" என்றார்.

"ஆமாங்க."

"தெரிஞ்சுமா பேசாம இருந்த?"

"பச்சையில உங்களத் தப்புன்னு சொல்ல வாய் வரலங்க."

"இன்னொண்ணு வரையேன்."

"அது அன்னிக்கி மழை விட்டப்பப் பாத்ததுங்க. இப்ப அத எங்க போயித் தேட?" என்றார் சோலையம்மாள். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது விஜயபாண்டிக்கு.

மறுநாள் நூலகம் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனார். பேனாவை எடுத்து, சீட்டில் 'உதவி' என்று இருந்ததை அடித்துவிட்டு, மேலே 'கெடுத்தது' என்று எழுதினார். எழுதியபின் நகர்ந்துவிடாமல் படத்தின் பக்கத்திலேயே நின்றார்.

கொஞ்ச நேரத்தில் வந்த முத்துக்கிருஷ்ணன் சீட்டைப் படித்துவிட்டுக் கேட்டார்: "யாருங்க இந்த விஜயபாண்டி?"

"நான்தாங்க" என்றார்.