யாரோட கண்ணு?

வந்த கடிதத்தைப் பிரிப்பதற்கு முன் அவர் ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். முன்பக்கம், பின்பக்கம், ஒட்டிய இடம். "ஏற்கெனவே யாரோ பிரிச்சு ஒட்டின மாதிரி இருக்கே" என்று முணுமுணுக்கிறார். மின்சார பில்லை யார் திருடிப் படிக்கப் போகிறார்கள் என்று மனைவி கேட்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது.

கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் அவருக்கு 'எக்ஸ்ரே' என்று பெயர். பெல்ட்டில் நகர்ந்து வரும் பாட்டில்களை வெள்ளை விளக்கின் முன் பார்த்து, கீறலும் குமிழியும் உள்ளவற்றைப் பொறுக்கி எறிவது வேலை. இந்த நாட்டில் வந்து இறங்கிய மூன்றாம் வாரம் அந்த விளக்கின் முன் உட்கார்ந்தவர், இருபத்தெட்டு வருடமாக எழுந்திருக்கவில்லை. "நல்ல பாட்டில்னு ஒண்ணு கிடையாது. குறையை நாம இன்னும் கண்டுபிடிக்கலைன்னு அர்த்தம்" என்பார். வீட்டிலும் அதே சட்டம்தான். கடைக்காரர் சிரித்தால் தராசைப் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர் நலம் விசாரித்துவிட்டால் போச்சு. "என்ன விஷயமா இருக்கும்?" என்று இரண்டு நாள் யோசிப்பார்.

அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் மகள். அவள் கண் டாக்டர். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் கண்ணாடித் தூள் அவர் கண்ணில் தெறித்துவிட்டது. இந்த ஊர்ப் பேச்சில் நாலு வார்த்தைகூடத் தெரியாத நாட்கள். சூப்பர்வைசரிலிருந்து பஸ் டிரைவர் வரை எல்லோரும் அவருடைய தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துத்தான் பேசுவார்கள். கண் டாக்டரம்மா மட்டும் முகத்துக்கு நேரே முகம் வைத்து அரை மணி நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எக்ஸ்ரே கண்ணில் கட்டோடு நேரே மனைவி வேலை பார்த்த சலவைக்கடைக்குப் போய், "நம்ம பொண்ணு இதைத்தான் படிக்கணும்" என்றார். பொண்ணுக்கு அப்போது பல் முளைக்கவில்லை.

இத்தனை வருடம் கழித்து, தன்மேல் முதல் சந்தேகத்தைக் கிளப்பியதும் அந்தப் பொண்ணேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "கண்ல தண்ணியா வருதும்மா, என்னன்னு பாரேன்" என்றார். அவள் டீவியிலிருந்து திரும்பாமலே, "டாக்டர்கிட்ட காட்டுங்கப்பா" என்றாள்.

"அப்ப நீ யாரு?"

"அது... எனக்கு வேற பிரிவுப்பா." எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அன்றே எக்ஸ்ரே வேலையைத் தொடங்கினார். மருந்து வாடை வரவேண்டிய சட்டையில் பெயிண்ட் வாடை. நக இடுக்கில் பழுப்பு நிறம். ஸ்வெட்டர் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு சிவப்புப் பட்டு இழை, தலைமயிரைவிட மெல்லிசு. அதைத் தீப்பெட்டியில் பத்திரப்படுத்தி மனைவியிடம் காட்டினார்.

"நூல்தானே? என்னுதா இருக்கும்" என்றாள் அவள்.

"பார்க்காமலே சொல்றே?" அதையும் மனதில் குறித்துக்கொண்டார்.

ஒரு காலை, மகள் குளிக்கப் போன சமயம் அவள் கைப்பையைத் திறந்தார். பஞ்சு வைத்த சின்ன டப்பா. மூடியை எடுத்தார். உள்ளிருந்து ஒரு கண் அவரைப் பார்த்தது. டப்பாவை மூடினார். செய்தித்தாளில் படித்த உறுப்புத் திருட்டுக்கதைகள் எல்லாம் வரிசைகட்டி வந்தன. வாய்விட்டுக் கேட்கலாம்தான். 'ஆமா' என்று சொல்லிவிட்டால்?

மறுநாள் லீவு போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, அவள் வேலை செய்வதாகச் சொன்ன ஆஸ்பத்திரிக்குப் போனார். பின்பக்கக் கட்டடம், மூன்றாவது மாடி. கதவில் மகள் பெயர் இருந்தது. முன்னால் 'டாக்டர்' இல்லை. அழிந்த தடம் ஏதாவது இருக்கிறதா என்று விரலால் தேய்த்துப் பார்த்தார். இல்லை.

வெளியே பெஞ்சில் கறுப்புக் கண்ணாடி போட்ட லாரி டிரைவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "இன்னைக்கு எனக்குக் கண்ணு குடுக்கிறாங்க" என்றார், கேட்காமலே.

எக்ஸ்ரே குரலைத் தாழ்த்தினார். "யாரோட கண்ணு?"

டிரைவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "யாரோடதும் இல்லண்ணே, பிளாஸ்டிக்கு. உள்ள இருக்கிற பொண்ணு கையால செய்யுது. என் நல்ல கண்ணைப் பார்த்துப் பார்த்து வரையுது, மணிக்கணக்கா. லாரி விபத்துக்கப்புறம் என் பொண்டாட்டிகூட என்னை அப்படி நேராப் பார்த்ததில்ல."

கதவு திறந்தது. "அப்பா?" என்றாள் மகள்.

"எத்தனை வருஷமா?"

"படிப்பை விட்டு நாலு வருஷம்." அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். "கத்தி எடுக்க எனக்குக் கை வரலப்பா. இது வருது."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"தெரியும்" என்று அவரே சொல்லிக்கொண்டார். "அவளை அப்புறம் பார்த்துக்கறேன்."

டிரைவர்தான், "அண்ணனும் உள்ள வரட்டும்மா" என்றார்.

உள்ளே சின்னச் சின்னத் தூரிகைகள், நிறக் குப்பிகள், சிவப்புப் பட்டு நூல்கண்டு. செய்த கண்ணின் வெள்ளையில் ரத்த நாளமாக ஓடுவது அந்த நூல்தான் என்பது அப்போது விளங்கியது. மகள் டிரைவருக்கு எதிரே முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். கண்ணைப் பொருத்தி, விலகினாள். டிரைவர் முகத்தை இந்தப் பக்கம் திருப்பினார். "எப்படிண்ணே?"

எக்ஸ்ரே கிட்டே போனார். மேசை விளக்கை இழுத்தார். இடமிருந்து பார்த்தார், வலமிருந்து பார்த்தார். மகள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் பார்வைக்குத் தப்பிய பொருள் அவர்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை.

"வெள்ளை ரொம்ப வெளுப்பா இருக்கு" என்றார். "வருஷக்கணக்கா தூக்கம் கெட்டு வண்டி ஓட்டற மனுஷன். அந்த நல்ல கண்ணைப் பாரு, ஓரத்துல மஞ்சள் தட்டியிருக்கு. இதுல இல்ல. எவனாவது கண்டுபிடிச்சிடுவான்."

மகள் குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள். "ஆமா" என்றாள் மெதுவாக. பிறகு டிரைவரிடம், "மேல்பூச்சை எடுத்து, நிறம் போட்டு, திரும்ப மெருகேத்தணும் சார். மூணு மணி நேரமாவது ஆகும்" என்றாள்.

"ஆகட்டும்மா."

"நீங்க கிளம்புங்கப்பா. பஸ் போயிடும்."

எக்ஸ்ரே வந்ததிலிருந்து கழுத்துவரை பட்டன் போட்டிருந்த மேல்கோட்டை ஒவ்வொரு பட்டனாகக் கழற்றினார். சுவரில் ஒரே ஒரு ஆணிதான் இருந்தது, அதில் மகளுடைய கோட்டு தொங்கியது. தன்னுடையதையும் அதன்மேலேயே மாட்டினார்.