செல்லாது என்று நான் சொன்ன கில்டர்கள்

நான் பொய் சொன்னேன். செல்லும் காசைச் செல்லாது என்றேன். ஒரு பெண் தப்பிப் போக இருந்த ஒரே வழியை அடைத்தேன். தெரிந்தே அடைத்தேன்! முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள்.

அவள் என் அண்ணையின் மனைவி, என் மச்சாள். அப்போது நாங்கள் எல்லோரும் ஹொலண்டில் இருந்தோம். கில்டர் போய் யூரோ வந்த குளிர்காலம். பல நூறு வருடம் புழங்கிய காசை நாலே வாரத்தில் கடைகளிலிருந்து விலக்கிவிட்டார்கள். ஒளித்து வைத்ததெல்லாம் வெளியே வந்தாக வேண்டிய நேரம்... ஒளித்து வைத்தவர்கள் யார்? எங்கள் பெண்கள்தான்!

கடைகள் கில்டரை நிறுத்திய மறுவாரம் மச்சாள் என்னைத் தேடி வந்தாள். கூறைச்சேலை மடிப்பில் ஒளித்து வைத்திருந்த மஞ்சள் நிற ஐம்பது கில்டர் நோட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு சூரியகாந்திப் பூ. அண்ணைக்குத் தெரியாமல் தையல் வேலையில் சேர்த்தவை. வங்கிக் கணக்கோ அண்ணை பெயரில்.

"வசந்தி, இதை இனி மாத்த ஏலுமோ? பிள்ளையோடை லண்டனுக்கு, அக்காவிட்டைப் போகப்போறன். உன்ரை அண்ணையின்ரை அடி இனித் தாங்க ஏலாது."

எங்களில் டச்சு வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வங்கி அனுப்பிய அறிவித்தல் என் கையில் இருந்தது. நோட்டுகளை இன்னும் பல வருடங்களுக்கு மாற்றலாம் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அதைப் பார்த்தபடியே சொன்னேன்:

"தவணை முடிஞ்சுது மச்சாள். இனி இது வெறும் கடதாசி."

அவள் அழவில்லை. நோட்டுகளை மடித்துக்கொண்டு அண்ணையிடமே திரும்பிப் போனாள்.

ஏன் சொன்னேன்? அவர் என் அண்ணை! என்னை அந்த நாட்டுக்குக் கூப்பிட்டுப் படிக்க வைத்தவர். குடும்பம் சந்தி சிரிக்க நானே துணைபோவதா? பிள்ளைக்குத் தகப்பன் வேண்டாமா? உங்கள் கூடப்பிறந்தவன் என்றால் நீங்கள் மட்டும் என்ன கிழித்திருப்பீர்கள்? அந்தப் பிள்ளை இன்று லண்டன் இல்ஃபோர்டில் டாக்டர். குடும்பம் உடையாமல் இருந்ததால்தானே? அப்படித்தான் எனக்கே சொல்லி வருகிறேன்... இன்னும் சொல்வேன்!

பிறகு எல்லோருமே லண்டனுக்கு வந்தோம். அண்ணை போன வருடம் இறந்துவிட்டார். சென்ற ஞாயிறு ரெய்னர்ஸ் லேன் கடையொன்றில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது மச்சாளின் அழைப்பு வந்தது.

"அந்த நோட்டுகளை இப்பவும் மாத்தலாமாம் வசந்தி. மகள் போனிலை பார்த்துச் சொன்னவள்." குரலில் கோபம் இல்லை. பிறகு கேட்டாள்: "நீ அண்டைக்குப் பிழையா வாசிச்சிட்டாய், என்ன?"

பிழையாகவா! ஓர் எழுத்துக்கூட நான் பிழையாக வாசிக்கவில்லை. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன்...

"ஓம் மச்சாள், பிழையா வாசிச்சிட்டன்."

"என்ன சொன்னனீ? உரத்துச் சொல்லு. எனக்கு ஒரு காது கேக்காது எண்டு தெரியுந்தானே."

தெரியும். அவள் திரும்பிப் போன அடுத்த வருடம் அண்ணை அறைந்த அறையில் போன காது அது.

கடையில் எல்லோரும் திரும்பிப் பார்க்க, அந்தப் பொய்யை இன்னொரு தரம் உரத்துச் சொன்னேன்.