மருந்தில் சேராத கஷாயம்

பாதி ஆயுளைச் சரக்குக் கப்பல்களின் அடுப்படியில் கழித்தவன் நான். எல்லோருக்கும் நேரத்துக்குப் பரிமாறிவிட்டு நான் மட்டும் கண்ட நேரத்தில் தின்றதை வயிறு வெகுகாலம் பொறுத்துக்கொண்டது. பிறகு எரிய ஆரம்பித்தது. விடுமுறையில் ஊருக்கு வந்தபோது குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புண், அதற்குக் காரணம் ஒரு கிருமி. வயிற்று டாக்டர் மாத்திரைகள் எழுதிக் கொடுத்து, நடுவில் நிறுத்தவே கூடாது என்றார்.

அந்த மாத்திரை என் வாயைச் செம்புக்காசு சப்பியதுபோல ஆக்கிவிட்டது. ரசத்தில் புளி தூக்கலா, உப்பு தூக்கலா என்று தெரியவில்லை. அடுத்த கப்பலுக்கு ஏஜெண்ட் கூப்பிட்டிருந்த நேரம் அது. ருசி தெரியாத சமையல்காரனை எந்தக் கேப்டன் வைத்துக்கொள்வான்? பாதியில் நிறுத்திவிட்டேன்.

அப்போதுதான் என் மனைவியின் தம்பி செல்போனை நீட்டினான். அதிமதுரம் வயிற்றுப் புண்ணை ஆற்றும், அந்தக் கிருமியையே அடக்கும் என்று எங்கோ ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்களாம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வந்து காலையும் மாலையும் கஷாயம் வைத்துக் குடித்தேன். பொய் சொல்லக் கூடாது, எரிச்சல் தணிந்தது. வாயும் இனித்தது. போகிற இடத்திலெல்லாம் மெல்லுவதற்குச் சட்டைப் பையில் ஒரு துண்டு வேர் வைத்துக்கொண்டேன்.

கப்பல் ஏறுமுன் உடல்தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கென்று உள்ள டாக்டர், ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். மறைக்கவேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. எங்கள் வீட்டில் மாத்திரை, ஊசிதான் மருந்து. கஷாயம் காப்பித்தண்ணி வகையைச் சேர்ந்தது. அவர் என் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். பிரஷர் அதிகம், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என் வயதுக்கு இந்தக் கப்பலே கடைசி என்று ஏஜெண்ட் ஏற்கெனவே சொல்லியிருந்தான். கரையில் நான் உப்புக்குச் சப்பாணி. கடலில்தான் நாலு பேர் என்னைத் தேடுவார்கள். கவலையில் வயிறு மறுபடி எரிந்தது. அதற்காகக் கஷாயத்தை இன்னும் கெட்டியாகக் காய்ச்சிக் குடித்தேன்.

அடுத்த வாரம் பிரஷர் இன்னும் ஏறியிருந்தது. கால்களில் செருப்பு வார் பதிந்து பள்ளமாகக் கிடந்ததை டாக்டர் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து என் கன்னத்தைப் பார்த்தார்.

“வாயில என்ன வச்சிருக்கீங்க?”

எடுத்துக் காட்டினேன். கஷாயக் கதையையும் சொன்னேன்.

“இதை ஏன் அன்னைக்கே சொல்லல?”

“நீங்க மருந்தத்தான கேட்டிய.”

அவர் சிரிக்கவில்லை. வயிற்றுக்கு அது இதம் தருவது உண்மைதான், மாத்திரையோடு சேர்ந்தால் கிருமிக்கு எதிராகவும் கொஞ்சம் உதவலாம், ஆனால் மாத்திரையின் வேலையை அது தனியாகச் செய்துவிடும் என்று நம்ப முடியாது என்றார். அந்த இனிப்பில் இருக்கிற சத்து, உப்பையும் தண்ணீரையும் உடம்பில் தேக்கிவிடுமாம், உப்பளப் பாத்தியில் தண்ணீர் கட்டுகிற மாதிரி. பிரஷர் ஏறும், இதயத்துக்கும் ஆகாது. நிறுத்தினாலும் இறங்கச் சில வாரமாகும்.

“இந்தக் கப்பலுக்கு நீங்க போக முடியாது” என்றார்.

பஸ் ஏறும்வரை தாங்கினேன். முத்தையாபுரம் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். என் இடத்துக்குக் கீழவைப்பார் ஊர்க்காரர் ஒருவர் போனார். முன்பு ஒரு கப்பலில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர்.

நான் வேரைத் தூக்கிப் போட்டுவிட்டு மாத்திரையை முதலிலிருந்து ஆரம்பித்து, வாய் கசக்கக் கசக்க முடித்தேன். கிருமி போய்விட்டது. பிரஷர் இறங்கியது. சான்றிதழும் கிடைத்தது. பார்க்கலாம் அண்ணாச்சி என்ற ஏஜெண்ட் அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழவைப்பார்க்காரர் கப்பலிலிருந்து அழைத்தார். கேப்டன் நம் ஊர் மீன் குழம்பு கேட்கிறாராம், நான் வைக்கிற பக்குவம் என்ன என்றார். அவருக்குப் பின்னால் அடுப்படி மின்விசிறியின் இரைச்சல் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குப் பொறாமையாக இருந்தது. புளியை எப்போது ஊற்றுவது, தேங்காய்ப்பாலை எப்போது சேர்ப்பது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

போனை வைத்ததும் மனைவி கேட்டாள்: “உப்பச் சரியாச் சொன்னியளா?”

“சரியாத்தான் சொன்னேன்.”

அன்று எங்கள் வீட்டிலும் மீன் குழம்புதான். ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். புளி, உப்பு, காரம் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. இந்த நாக்குக்காகத்தான் மாத்திரையை விட்டேன். நாக்கு திரும்பி வந்துவிட்டது. சாப்பிட இரண்டு பேர்தான் இருந்தோம்.