நெருப்புக்கு ஒரு ஜன்னல்

கப்பலில் வந்த பெட்டிப் பலகை எரியும்போது முதலில் ஓர் இனிப்பு வாசனை வரும், பிறகுதான் தொண்டையைப் பிடிக்கும். எந்த நாட்டுக் காட்டில் நின்ற மரமோ, எந்த இயந்திரத்தைச் சுமந்து துறைமுகத்தில் இறங்கியதோ, எங்கள் திருவொற்றியூர் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அதற்குப் பெயர் "ஆர்பர் கட்டை". அதன் மேல் அம்புக்குறியும், உள்ளே உடையும் பொருள் இருக்கிறது என்று எச்சரிக்கும் கோப்பைப் படமும் அச்சிட்டிருக்கும். அந்தக் கோப்பை கருகிச் சுருளும் வரை நான் அடுப்பின் முன்னால் குந்தியிருப்பேன். பிசின் நுரைக்கும், கட்டை சீறும், அம்மா இருமுவாள்.

அந்த இருமலோடுதான் எங்கள் காலைகள் விடிந்தன. எரிவாயு கேட்டுப் போனால் வீட்டுக்குக் காகிதம் கேட்டார்கள். கடலோரப் புறம்போக்கில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் நின்ற ஒற்றை அறைக்கு ஏது காகிதம்? ரேஷனில் ஊற்றும் "கிருஷ்ணாயில்" பத்து நாளைக்குக் காணாது. ஆகவே கட்டை, கட்டையால் புகை, புகையால் அம்மாவின் நெஞ்சுக்குள் ஓர் ஓசை, ஈரக் காலையில் கிளம்ப மறுக்கும் படகு எஞ்சினைப் போல இழுத்து இழுத்து நிற்கும் ஓசை. பெரியாஸ்பத்திரியில் அவள் முதுகில் குழல் வைத்துக் கேட்ட டாக்டர், இன்னும் சில வருஷம் இந்தப் புகையிலேயே நின்றால் இந்த நெஞ்சு தாங்காது என்று நைனாவிடம் சொன்னார். எனக்கு அப்போது எட்டு வயது. தாங்காது என்ற சொல்லை வீடு வரை கையில் பிடித்துக்கொண்டு வந்தேன்.

நைனா எண்ணூர் நெடுஞ்சாலைப் பட்டறை ஒன்றில் வெல்டர். மறுநாள் காலை அவர் அடுப்பின் முன்னால் மண்டியிட்டு, அதன் வாயை ஜாண் ஜாணாக அளந்தார். செங்கல்லும் களிமண்ணுமாய் அம்மா கட்டிய அடுப்பு அது, இடிக்க அவருக்கு மனமில்லை; அந்த வாய்க்குள்ளேயே செருகி உட்காருகிற ஓர் இரும்புப் பெட்டியை, கப்பல் உடைப்பில் வந்த தகட்டை வெட்டி, பட்டறை வேலை முடிந்த பின் தினம் கொஞ்சமாகப் பற்றவைத்தார். முன்னால் கீல் வைத்த கதவு, கதவுக்குக் கீழே காற்று நுழையத் தள்ளிவிடும் சிறு மூடி, மேலே பானைக்கு இரண்டு வட்டம், பின்னாலிருந்து கூரைக்கு ஏற ஒரு குழாய்.

அது மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வந்து இறங்கியபோது தெருவே கூடியது. அடுத்த வீட்டுக் கன்னியம்மாக்கா, காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத் தெருவாக விற்பவள், கூடையை இறக்காமலே கேட்டாள்: "இன்னா மேஸ்திரி, வூட்லயே பேங்கு வெக்கப் போறியா? இரும்புப் பொட்டி வந்து எறங்குது."

பெட்டியைச் செருகி, சுற்றிலும் இருந்த இடுக்குகளைக் களிமண்ணும் உமியும் சாம்பலும் பிசைந்து அடைத்து, குழாயைக் கூரைக்கு வெளியே நீட்டி, முதல் தீயை நைனாவே மூட்டினார். கதவைச் சாத்தியதும் அறைக்குள் புகை இல்லை. எல்லோரும் வெளியே ஓடினோம். அதுவரை தன் வீட்டுப் புகையை உள்ளிருந்தே அறிந்த அம்மா, அது கூரைக்கு மேலே மெல்லியதாக எழுந்து கடல் பக்கம் சாய்வதைத் தெருவில் நின்று பார்த்தாள், யாருடைய வீட்டுப் புகையையோ பார்ப்பதைப் போல.

ஆனால் ஒரு மாதம் ஆகியும் இழுப்பு நிற்கவில்லை. சுவரில் புதிதாகக் கரி படிந்தது. நைனா காற்றைச் சந்தேகப்பட்டார். கடல்காற்று குழாய்க்குள் புகுந்து புகையைத் திருப்பி அனுப்புகிறது என்று சொல்லி, குழாயை இரண்டடி உயர்த்தினார், வாய்க்குத் தொப்பி போட்டார், பிறகு முழங்கை வைத்துத் திருப்பினார், அப்புறம் இன்னும் இரண்டடி உயர்த்தினார். கன்னியம்மாக்கா அண்ணாந்து பார்த்து, "போதும் மேஸ்திரி, கப்பலுங்க லைட் ஹவுஸுன்னு நெனச்சிகினு நம்ம தெருவாண்ட வந்து நிக்கப் போவுது" என்றாள். நைனா சிரிக்கவில்லை.

காற்றில் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். நைனா சைக்கிளை மிதித்துத் தெருமுனை திரும்பியதும் அம்மா பெட்டியின் கதவைத் திறந்துவிடுவாள். சோறு வடிக்கும் வரை, குழம்பு இறக்கும் வரை, கதவு திறந்தே இருக்கும், புகை பழையபடி அவள் முகத்தில் அடிக்கும், அவள் அதன் முன்னால் உட்கார்ந்தே இருப்பாள். "நைனாவாண்ட சொல்லாத" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். ஒரு தடவை போதுமாக இருந்தது, நான் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, அடிக்கடி சொல்வதையே அப்போதும் சொன்னாள்: நெருப்புக்கு முதுகு காட்டக் கூடாது.

மழைக்காலம் தொடங்கி, ஈரக்கட்டை கக்கிய புகையில் ஒரு நாள் காலை அவளுக்கு மூச்சே வரவில்லை. உதடு நீலம் பாரித்தது. கன்னியம்மாக்கா தன் சேலை ஒன்றைச் சுருட்டி அவள் தலைக்கு அண்டக் கொடுத்து ஆட்டோவில் ஏற்றினாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், பட்டறையிலிருந்து ஓடிவந்த நைனாவின் காக்கிச் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு, அம்மா சொல்லாதே என்றதை நான் சொல்லிவிட்டேன். அவர் என் தலையில் வைத்த கை கனத்தது.

நாலாம் நாள் அம்மா வீடு திரும்பினாள். நைனா அவளைப் பாயில் உட்காரவைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்தபடி, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"இன்னா லச்சிமி, கதவத் தொறந்து வெச்சிகினா ஆக்குன?"

"மூடுனா உள்ள அது இன்னா பண்ணிகினு கீதுன்னு தெர்ல. கை கால் ஓடல எனக்கு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அன்னிக்கு ரெண்டு கொடம் தண்ணிக்குத்தான் முதுகு காட்டுனேன். திரும்பி வந்து பாத்தா வூடு இல்ல."

கடற்கரைக் குப்பத்தில் அவர்களுடைய முதல் குடிசை எரிந்த கதை அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் அப்போது அவள் இடுப்பில் இருந்த கைக்குழந்தையாம். குழாயடிக்கு என்னையும் தூக்கிக்கொண்டு போனதால் இருக்கிறேன். நான் பழமொழி என்று நினைத்திருந்தது அவளுக்கு ஒரு நாளின் பெயர். நைனா அன்றும் பட்டறையில்தான் இருந்திருக்கிறார். அதைப் பற்றி அவளிடம் அவர் இத்தனை வருஷம் எதுவும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

அவர் எழுந்து கதவைக் கீலோடு கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு போனார். உள்ளங்கை அகலத்துக்கு அதில் ஒரு சதுரம் வெட்டி, ஜன்னல் கண்ணாடித் துண்டைப் பொருத்திக்கொண்டு வந்தார். உலை கொதிக்கும் முன்னே அது குறுக்கே பிளந்தது. "நெருப்புக்கே கண்ணாடி சேரலியே, கண் டாக்டராண்ட இட்டுகினு போ மேஸ்திரி" என்றாள் கன்னியம்மாக்கா, அந்த முறை அம்மாவும் சேர்ந்து சிரித்து, சிரித்ததில் இருமினாள். ஞாயிற்றுக்கிழமை நைனா பக்கத்து வார்ப்புப் பட்டறைச் சிநேகிதரிடம் கேட்டு, உலைக்குள் எட்டிப் பார்க்கும் துவாரத்துக்கு வைக்கிற மைக்காத் தகடு இரண்டு வாங்கிவந்தார். நாங்கள் மணலில் பொறுக்கும் காக்காப்பொன்னின் பெரியண்ணன் அது. இரண்டையும் சட்டத்துக்குள் இறுக்கி, கதவை மாட்டி, தீ வைத்துவிட்டு விலகி நின்றார்.

மைக்காவுக்குப் பின்னால் நெருப்பு தேன் நிறத்தில் எழுந்தது. அம்மா குனிந்து பார்த்தாள். எழுந்துபோய் அரிசி களைந்தாள், திரும்பிப் பார்த்தாள். வெங்காயம் நறுக்கினாள், திரும்பிப் பார்த்தாள். கதவில் கை வைக்கவில்லை.

அதற்குப் பிறகு, காலையில் ஈரத்துணியைச் சாம்பலில் தொட்டு மைக்காவைத் துடைப்பதுதான் அவளுடைய முதல் வேலை. ஏடு ஏடாக உரிந்து மங்கினால் நைனா புதுத் தகடு கொண்டுவருவார். இழுப்பு ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஆனால் இரண்டு குடம் தண்ணீரை நிற்காமல் தூக்கிவருகிற அம்மா ஒருத்தி எனக்குக் கிடைத்தாள். வெகுகாலம் கழித்து எரிவாயு வந்தது. அதன் பிறகு கடலோரச் சாலையை அகலப்படுத்தினார்கள், வீடு போயிற்று, பெட்டி யார் கைக்குப் போயிற்றோ. நைனாவும் போய்விட்டார். அந்தப் பக்கம் இப்போது கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. எது யார் வீட்டு இடம் என்று கைநீட்டிச் சொல்ல ஒரு சுவர்கூட இல்லை.

போன மாதம் அம்மாவை நெஞ்சு டாக்டரிடம் அழைத்துப் போனேன். என் மகள் வயதிருக்கும் அந்தப் பெண், எக்ஸ்ரே படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, எத்தனை வருஷம் விறகடுப்பில் சமைத்தீர்கள் என்று கேட்டாள்.

"ஒம்போது வருசம் டாக்டரம்மா" என்றாள் அம்மா, யோசிக்காமல்.

எரிவாயு வரும் வரை கூட்டினால் இருபதுக்குக் குறையாது. நான் வாயெடுத்தேன். அதற்குள் ஒன்பது எங்கே முடிகிறது என்று விளங்கிவிட்டது: கல்யாணத்திலிருந்து, நைனா மைக்கா பொருத்திய ஞாயிற்றுக்கிழமை வரை. டாக்டர் ஒன்பது என்று எழுதிக்கொண்டாள். நான் திருத்தவில்லை.