பதில் சொல்லும் வீடுகள்

அந்தக் கடற்கரைக் குடியிருப்பில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பவர் யாருமில்லை. 'குழாய்' என்றால் அவர்தான். 'குழாயைக் கூப்பிடு', 'குழாய் வந்தாச்சா', 'குழாய்க்குக் காய்ச்சலாம்' என்று பதினெட்டு வருடமாக இப்படித்தான். வாசல் காவல்காரரை 'கேட்டு' என்றும், குப்பை வண்டி ஓட்டுபவரை 'ஏழு மணி' என்றும் அழைக்கிற இடத்தில், குழாய் கொஞ்சம் கௌரவமான பெயர் என்றே அவருக்கு எண்ணம்.

மொத்தம் நாற்பத்திரண்டு வீடுகள். தண்ணீர், குப்பை, தெருவிளக்கு, கடலுக்கு இறங்கும் படிக்கட்டு எல்லாவற்றையும் வீட்டுக்காரர்கள் சங்கமே பார்த்துக்கொள்ளும். காற்று மாதங்கள் தொடங்கியதும் முக்கால்வாசிப் பேர் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். கிளம்பும்போது ஒரு சாவியை அலுவலகத்தில் கொடுத்து, வாசல் கம்பியில் நீலப் பலகை ஒன்றை மாட்டிவிட்டுப் போக வேண்டும். நீலப் பலகை தொங்கினால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். செவ்வாய்தோறும் குழாய் அந்த வீடுகளுக்குள் போய், குழாய்களைத் திறந்து மூடிவிட்டு வருவார். திறக்காமல் விட்டால் உப்புக்காற்றில் திருகு இறுகிப்போகும். சாக்கடை வளைவில் நிற்கிற தண்ணீர் காய்ந்து, நாற்றமும் கரப்பானும் மேலே ஏறி வரும். சமையலறை, குளியலறை தவிர வேறு கதவைத் தொடக்கூடாது என்பது சங்கத்தின் கண்டிப்பான விதி.

வேலை என்னவோ சுலபம். ஆனால் ஆளில்லாத வீட்டுக்குள் நுழைவது இருக்கிறதே, அது பழகவே பழகாது. நாற்காலிகளெல்லாம் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு யாருக்கோ காத்திருக்கும். குழாய் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சொல்லாமல் திரும்பி வந்து தூங்கிக்கொண்டிருந்த நீதிபதி ஒருவர், திருடன் என்று பூச்சாடியை எடுத்து அவர் நெற்றியில் வீசிவிட்டார். அந்தத் தழும்பு வாங்கிய நாளிலிருந்து வாசலில் நின்று குரல் கொடுக்காமல் அவர் உள்ளே கால் வைப்பதில்லை. "தண்ணி திறக்க வந்திருக்கேன்!"

அதற்குப் பிறகு வரும் அமைதியைத்தான் அவரால் தாங்க முடியாது. அதனால் அவரே பதில் சொல்ல ஆரம்பித்தார். நீதிபதி வீட்டில் கரகரப்பாக, "ம்ம், சீக்கிரம் முடி." பல் டாக்டர் வீட்டில் இழுத்து இழுத்து, "வாங்க, வாங்க." கடலை ஒட்டிய டீச்சர் வீட்டில் மெல்லிய குரலில், "வா தம்பி, செருப்பைக் கழட்டிட்டு வா." கிளம்பும்போது "வரேன் டீச்சர்" என்பார். அதற்கும் அவரே, "சரி தம்பி, கதவை நல்லா சாத்திட்டுப் போ." அச்சு அசல் டீச்சர்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வித்தியாசம் தெரியாது.

இந்தப் பழக்கம் வீடுவரை வந்துவிட்டது. மனைவியிடம் "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்பார். அவள் வாயைத் திறப்பதற்குள், "ஆச்சு, உக்காருங்க" என்று அவரே சொல்லிவிடுவார். "அப்புறம் நான் ஒருத்தி எதுக்கு இங்க இருக்கேன்?" என்பாள் அவள்.

டீச்சர் ஓய்வு பெற்றுத் தனியாக இருந்தவர். மூன்று வாரத்துக்கு முன்தான் சாவியைக் கொடுத்துவிட்டு, "மக வீட்டுக்குப் போறேன். பேரன் வா வான்னு ஒரே தொல்லை" என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

அந்தச் செவ்வாய், காலை பத்து மணிக்கு டீச்சர் வீட்டுப் பூட்டைத் திறந்து, வாசலில் நின்று குழாய் குரல் கொடுத்தார். பிறகு சாவிக்கொத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஒரு கையில் வாளியும் மறு கையில் ஸ்பானருமாக, காலாலேயே செருப்பைத் தள்ளினார்.

"வா தம்பி."

வழக்கம்போல உள்ளே போனார். சமையலறைத் திருகு விரல் பட்டதுமே திரும்பியது. நம் கைராசி என்று பெருமைப்பட்டுக்கொண்டார். முடித்ததும், "வரேன் டீச்சர்." "சரி தம்பி, கதவை நல்லா சாத்திட்டுப் போ." நன்றாகவே சாத்திவிட்டுப் போனார்.

அடுத்தது பல் டாக்டர் வீடு. குரல் கொடுத்தார், சாவியைக் கவ்வினார், "வாங்க" என்று சொல்லப் பார்த்தார். எச்சிலோடு 'ங்ங்' என்று ஒரு சத்தம்தான் வந்தது. வாளி கையிலிருந்து நழுவியது. டீச்சர் வீட்டிலும் சாவி பல்லில்தானே இருந்தது? அப்படியானால் 'வா தம்பி' என்றது யார்? செருப்பைப் பற்றி அந்தக் குரல் ஒன்றும் சொல்லவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அலுவலகத்துக்கு ஓடினார்.

விஷயத்தைக் கேட்டுச் சங்கச் செயலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். "பதினெட்டு வருஷமா நீ பேசிப் பேசி, வீடே கத்துக்கிச்சு போலய்யா!" வாசல் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். டீச்சர் வெளியே போனது இருந்தது. திரும்பி வந்தது இல்லை.

"இன்னொரு தடவை திறந்து பாத்துட்டு வரேன் சார்."

"ஒரே நாள்ல ரெண்டு தடவை பூட்டின வீட்டுக்குள்ள போனா என்ன எழுதுவாங்க தெரியுமா? திருட்டு. உன் வேலையும் போகும், என் மானமும் போகும்."

"அப்ப அவங்க மகளுக்கு ஒரு போன் போடுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தலையில் அடித்துக்கொண்டே செயலாளர் போட்டார். மகளின் குரல் வெளியே கேட்டது. "அம்மாவா? இங்க வரலையே சார். அங்க வீட்டுலதான் இருக்கேன்னு சொன்னாங்களே."

செயலாளரின் சிரிப்பு நின்றது. குழாய் அதற்குள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். வேலை போனால் போகட்டும். இந்தத் தடவை குரல் கொடுக்கவுமில்லை, செருப்பைக் கழற்றவுமில்லை. தொடக்கூடாத படுக்கையறைக் கதவைத் தள்ளித் திறந்தார்.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் டீச்சர் கிடந்தார். ஒரு கால் கோணலாக மடங்கியிருந்தது. உதடு வெடித்திருந்தது. சமையலறைக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்து, கையில் அள்ளி ஊட்டினார்.

"ஞாயித்துக்கிழமை விழுந்தேன் தம்பி, போனும் கைக்கு எட்டல." குழாய் வழக்கமாகப் பேசிக் காட்டும் குரலைவிடச் சன்னமாக இருந்தது. "மக வான்னு சொல்லவே இல்ல. எல்லாரும் கிளம்புறாங்க, நான் மட்டும் எந்த முகத்தோட இங்க இருக்குறது? சாவி குடுத்துட்டுப் போன அன்னைக்கே கடற்கரை வழியா நடந்து, படிக்கட்டுல ஏறி வந்துட்டேன். இன்னொரு சாவி என்கிட்டதான் இருந்துச்சு."

மூச்சு வாங்கிக்கொண்டார்.

"போன ரெண்டு செவ்வாயும் இந்தக் கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன். நீ என் குரல்ல பேசுறதைக் கேட்டுச் சிரிச்சேன். இன்னைக்கு நிஜமாவே கூப்பிட்டேன் தம்பி. நான் இன்னொரு தடவை கூப்பிடுறதுக்குள்ள, என் குரலே உன்னை அனுப்பி வச்சிருச்சு."

குழாய் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

இடுப்பெலும்பு முறிவு. டீச்சர் பிழைத்துக்கொண்டார். அவர் வாசலில் இருந்த பலகையைக் குழாயே கழற்றினார். ஆனால் இன்னும் முப்பது பலகைகள் தொங்குகின்றன. இப்போதெல்லாம் ஒவ்வொரு வாசலிலும் குரல் கொடுத்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நூறுவரை எண்ணுகிறார். விதி கிடக்கட்டும் என்று எல்லாக் கதவுகளையும் தட்டிப் பார்க்கிறார்.

அன்றும் வேலை முடிந்து வந்து, கை கழுவிவிட்டு, "சாப்பாடு ஆச்சா?" என்றார். சொல்லிவிட்டுக் காத்திருந்தார். இந்த மனுஷர் என்னதான் செய்கிறார் பார்ப்போம் என்று மனைவி வேண்டுமென்றே அடுக்களைக்குள் சத்தம் காட்டாமல் நின்றாள். எட்டிப் பார்த்தபோது, அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்து நின்றிருந்தார்.

"ஐயோ, இருக்கேங்க," என்று ஓடி வந்து கையைப் பிடித்தாள். "இருக்கேன், இருக்கேன்."